ஓரடி பின்னால்

பனி இறங்கிய மைதானத்தில் நான் அசையாமல் நின்றுகொண்டிருக்கிறேன். குதிகால்கள் சேர்ந்திருக்கின்றன, கைகள் தொடையோடு ஒட்டியிருக்கின்றன, கண் நேரே எங்கோ பார்க்கிறது. மூன்று பக்கமும் நெல்வயல். வயல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. திண்டுக்கல் பக்கம் போகிற ரயிலின் சத்தம் மட்டும் வருகிறது, ரயிலைக் காணவில்லை. இது கனவு என்று கனவுக்குள்ளேயே எனக்குத் தெரியும். விழித்துப் பார்த்தால் விளாங்குடி வீட்டில், போர்வைக்குள் விறைப்பாகப் படுத்திருப்பேன். “படுத்துக்கிட்டே பரேடு எடுக்கிறா” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். அவர் சாவ்தானில் நின்றதில்லை.

சாவ்தான் என்பது பட்டாளத்து இந்தி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் கல்லாகிவிட வேண்டும். கொசு கடித்தால் கடிக்கட்டும், மூக்கு அரித்தால் அரிக்கட்டும். கல்லூரியில் காக்கி போட்டுக்கொண்டு பட்டாளப் பயிற்சிக்குப் போகிற பெண்கள் நாங்கள் கொஞ்சம் பேர் இருந்தோம். மற்றவர்கள் அதைப் ‘பரேடு’ என்பார்கள். மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்த அப்பா, ஒழுங்கு வரும் என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். வெயிலில் கறுத்துவிடுவேன் என்று அம்மா கவலைப்பட்டாள். நான் போனது பரேடு முடிந்ததும் கிடைக்கிற பூரிக்காக.

ஆனால் போன முதல் வாரத்திலேயே வேறு ஒன்று நடந்தது. வயதுக்கு வந்த நாளிலிருந்து நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்து, தலை குனிந்து நடக்கத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இங்கே ஒரு குரல் நெஞ்சை நிமிர்த்து, தலையைத் தூக்கு என்று அதட்டியது. நிமிர்ந்தேன். உலகம் கொஞ்சம் தாழ்ந்துபோன மாதிரி இருந்தது. பரேடு முடிந்து பஸ்ஸில் வரும்போதும் குனியத் தோன்றவில்லை. அந்த மைதானத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம். பின்னால் நடந்ததற்காக அதை நான் மறைக்கப்போவதில்லை.

அந்தக் குரல் உஸ்தாதுடையது. பட்டாளத்தில் பயிற்சி கொடுப்பவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான், எல்லையில் எல்லாம் இருந்துவிட்டு எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்த ஹவில்தார். கம்பீரமான மீசை, நல்ல பாட்டுக் குரல். எங்களை ‘ஆத்தா’ என்று கூப்பிடுவார். பக்கத்தில் பையன்களின் அணி தப்பாக நடந்தால், “ஏன்டா பொம்பள மாதிரி நெளியிற, வளையல் வாங்கித் தரவா” என்று கேட்பார். ரொம்ப மோசமாக நடந்தால் அவர்களுக்கு ஒரு தண்டனை உண்டு. எங்கள் அணிக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். பெண்களுக்குப் பின்னால் நிற்பதைவிடக் கேவலம் அவர்களுக்கு இல்லையாம். நாங்களும் சேர்ந்துதான் சிரித்தோம். அந்தத் தண்டனையே நாங்கள்தான் என்பது சிரிக்கிறபோது உறைக்கவில்லை.

எங்கள் அணியின் தலைவி என் தோழி. சமயநல்லூருக்கு உள்ளே தள்ளியிருக்கிற ஒரு கிராமம் அவளுக்கு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஊரார் வயலில் கூலிக்கு உழைத்து, இப்போதுதான் குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் பிடித்திருந்தார்கள். பட்டாளத்தில் அதிகாரியாவது என்பது அவளுக்குப் பொழுதுபோக்கு ஆசை அல்ல. வேறு எதையும் அவள் யோசித்து நான் பார்த்ததில்லை. அதற்கு முதல் படி, டெல்லியில் நடக்கும் அணிவகுப்புக்குத் தேர்வாவது. அவள் போய்விடுவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஊரில் அவளுடைய அப்பா, டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்துவிட்டார். தேர்வுக்கு முன்னால் சமயநல்லூர்ப் பக்கத்து மைதானம் ஒன்றில் முகாம் போட்டார்கள். முகாம் முடிவில் உஸ்தாத் நல்ல வார்த்தை சொன்னால் டெல்லி, இல்லாவிட்டால் இல்லை.

காலையில் முதல் வேலை உடுப்புச் சோதனை. வரிசையாக சாவ்தானில் நிற்போம். உஸ்தாத் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வருவார், அணித்தலைவி அவருக்கு ஓரடி பின்னால் நடந்து வருவாள். அது அவளுக்குக் கொடுக்கிற மரியாதை. அவர் கையில் எப்போதும் ஒரு சின்னக் குச்சி இருக்கும். பையன்களின் பெல்ட் கோணியிருந்தால் அந்தக் குச்சியின் நுனியால் தட்டிக் காட்டுவார், அவர்களே சரிசெய்துகொள்வார்கள். எங்கள் வரிசைக்கு வந்ததும் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொள்வார். எங்களைக் கையால்தான் சரிசெய்வார்.

“பொம்பளப் பிள்ளையக் குச்சியால தொடலாமாத்தா? அது மரியாதை இல்ல” என்பார்.

பெல்ட்டை இழுத்துவிடுவார். தொப்பியைத் திருத்தி, அப்படியே கன்னத்தில் ஒரு தட்டு. சட்டைப் பைக்கு மேலே குத்தியிருக்கிற பெயர்ப்பட்டையை நேராக்குவார். அது நேராகத்தான் இருக்கும். அவருடைய விரல்களுக்கு மட்டும் அது எப்போதும் கோணல். நாங்கள் கல். கண் நேரே வயலைப் பார்க்கும், கொக்கு ஒன்று நடந்துபோகும், பனியில் அதன் கால்கள் தெரியாது. நான் அந்தக் கொக்கோடு போய்விடுவேன். உடம்பு இங்கே நிற்கும், நான் வரப்பில் நடந்துகொண்டிருப்பேன். இன்றைக்கும் யாராவது கொஞ்சம் நெருங்கி நின்றால் எனக்கு அந்தக் கொக்குதான் முதலில் தெரிகிறது. அதற்கப்புறம்தான் கோபம் வருகிறது.

பெயர்ப்பட்டையைச் சட்டையோடு வைத்துத் தைத்துப் பார்த்தோம். குண்டூசியை நுனி வெளியே தெரிகிற மாதிரி குத்திக்கொள்ளலாம் என்று செல்லூர்க்காரி ஒருத்தி யோசனை சொன்னாள், துப்பாக்கியை அணைத்துக்கொண்டு ஓடச் சொன்னால் நமக்கே குத்தும் என்று விட்டுவிட்டோம். உடுப்பு கோணலாக இருந்தால் திருத்தம், கச்சிதமாக இருந்தால் ‘சபாஷ்’ என்று முதுகில் தடவல். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து.

எங்களுக்குப் பொறுப்பாக வந்திருந்த விரிவுரையாளர் மேடத்திடம் போய்ச் சொன்னோம். நானும் தோழியும்தான் போனோம். மேடம் காபி குடித்துக்கொண்டிருந்தார், டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

“நாளைக்கு நெசமாவே பட்டாளத்துக்குப் போறீங்க, அங்க அம்புட்டுப் பேரும் ஆம்பளைங்க. இதையே தாங்க முடியாதவ அங்க என்னத்தத் தாங்குவா? இதுவும் ஒரு ட்ரெயினிங்னு நெனச்சுக்கங்க.” பிறகு என் தோழியைப் பார்த்து, “உன்னை அவர் தொடுறாரா?” என்று கேட்டார்.

“இல்ல மேடம். நான் அவருக்குப் பின்னாடி நடக்குறேன்.”

“அப்புறம் உனக்கென்ன? டெல்லி போற வழியப் பாரு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காபியைத் தட்டிவிட்டிருப்பேன். தோழி சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஷூவுக்குப் பாலீஷ் போட்டாள். “பின்னாடி நடந்தா எல்லாம் தெரியுதுடி. ஒவ்வொருத்தி மூஞ்சியும் தெரியுது. நீங்க நேரா பாக்குறீங்க, நான் உங்களப் பாக்க வேண்டியிருக்கு” என்றாள்.

மறுநாள் பனி அதிகம். பையன்களின் அணி பக்கத்திலேயே இருந்தும் மங்கலாகத்தான் தெரிந்தது. அவர்களுடைய பூட்ஸ் சத்தம் வேறு ஏதோ ஊரிலிருந்து வருகிற மாதிரி வந்தது. எங்கள் வரிசைக்குப் பின்னால் கொஞ்சம் புல்தரை, அதற்கப்புறம் வரப்பு. உஸ்தாத் என்னைத் தாண்டினார். எனக்கு அடுத்து நின்றவள் முதல் வருடத்துப் பிள்ளை, எங்களில் சின்னவள். அவள் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. இழுத்த மூச்சை வெளியே விடவில்லை. உஸ்தாத் குச்சியைக் கக்கத்தில் செருகினார். கையை நீட்டினார்.

“ஸ்குவாட்…”

தோழியின் குரல். மைதானத்துக் குரல், வயிற்றிலிருந்து எடுக்கிற குரல்.

“ஏக் கதம் பீச்சே… சல்.”

ஓரடி பின்னால் போ என்று அர்த்தம். அர்த்தம் புரிவதற்குள் கால் போய்விட்டது. வரிசை முழுவதும் ஒரே சத்தமாக ஓரடி பின்னால் போய் நின்றது. உஸ்தாதின் கை நீட்டியபடியே காற்றில் இருந்தது.

அவருக்கு விளங்கவில்லை. ஏதோ தப்பான கட்டளை என்று நினைத்திருக்க வேண்டும். ஓரடி முன்னால் வந்து மறுபடியும் கையை நீட்டினார்.

“ஏக் கதம் பீச்சே… சல்.”

மறுபடியும் போனோம். இப்போது அவருக்கு விளங்கிவிட்டது. “தம்” என்று கத்தினார். நில் என்ற கட்டளை. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. மைதானத்தில் உன் அணிக் கமாண்டர் குரலைத் தவிர வேறு எந்தக் குரலுக்கும் அசையாதே, கடவுளே வந்து சொன்னாலும் அசையாதே என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் ஓரடி வர, அவள் கட்டளை கொடுக்க, நாங்கள் ஓரடி போக, பனிக்குள் வரிசை அப்படியே நகர்ந்துகொண்டிருந்தது. புல் முடிந்தது, வரப்பு வந்தது, வரப்பையும் தாண்டி வயலில் இறங்கினோம். பூட்ஸுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஏறியது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. சின்னவள் அடக்கியிருந்த மூச்சை விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் சாவ்தானில் வைத்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எங்கேயும் நின்றதில்லை.

உஸ்தாத் வரப்பின் மேல் நின்றுவிட்டார். பூட்ஸ் நனைய வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

அன்றைக்கே முகாமுக்குப் பொறுப்பான கர்னல் வந்தார். என் தோழியை நிற்க வைத்துக் கேட்டார். நாங்கள் கூடாரத்துக்கு வெளியே நின்றோம், உள்ளே பேசியது கேட்டது. பயிற்சியாளர் சோதனை செய்யும்போது அணியை ஏன் நகர்த்தினாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவளுக்கு ஆங்கிலம் சரளமாக வராது. தமிழில்தான் சொன்னாள்.

“எங்களுக்கும் குச்சி போதும் சார்.”

யாரோ அதை மொழிபெயர்த்தார்கள். கர்னலுக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் புரியாமல் நடந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். உஸ்தாதை இரண்டொரு நாளில் வேறு ஊருக்கு மாற்றினார்கள், வழியனுப்பு விழா வைத்து, சால்வை போட்டு. மேடம்தான் போர்த்தினார். டெல்லிக்குப் போகிறவர்களின் பெயர்களை வாசித்தபோது தோழியின் பெயர் வரவில்லை. கட்டுப்பாட்டை மீறியவள் என்று அவள் மேல் எழுதிவிட்டார்களாம். அடுத்த வருடம் அதிகாரித் தேர்வுக்குப் போனாள், அங்கேயும் அதையே துருவினார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டாளம் அவளுக்கு அதோடு முடிந்தது. இப்போது பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருக்கிறாள். நல்ல வேலைதான். ஆனால் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது அது இல்லை. எத்தனை வருடம் போனாலும் இதில் எனக்குச் சமாதானம் கிடையாது.

பெயர் வராத அன்று சாயங்காலம் அவளோடு நானும் அவள் ஊருக்குப் போனேன். தனியாகப் போகப் பயந்தாள். வரப்பில் கமாண்டு கொடுத்தவளுக்கு வீட்டு வாசலைப் பார்க்கப் பயம். சமயநல்லூரில் இறங்கி மினி பஸ் பிடித்தோம். வெயில் சாய்ந்து வயலெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. டீக்கடையில் இருந்தவர்கள், “என்னத்தா, டெல்லிக்கு எப்பப் போற?” என்று கேட்டார்கள். அவள் சிரித்து வைத்தாள்.

அவளுடைய அப்பா வயலில் இருந்தார். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டிருந்தார். தோழி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குச்சி, கை, கட்டளை, கர்னல், டெல்லி இல்லை என்பது. ஒப்பிப்பதுபோல நேரே பார்த்துச் சொன்னாள். அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். டெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“அந்தச் சின்னப் பிள்ள மேல அவன் கை பட்டுச்சா?”

“இல்லம்மா. படல.”

அம்மா ஈரக் காலோடு கிட்டே வந்தார்.

“நாங்க நாத்து நடக் குனிஞ்சிருப்போம்டி. மேப்பார்வை பாக்குறவன் பின்னாடி வருவான். நாத்து வளையுதுன்னு சொல்லி நிமித்துவான். நாத்தையா நிமித்துனான்?” என்றார். “எங்க வரிசையில அம்புட்டுப் பேரு இருந்தோம். தள்ளி வாங்கடின்னு சொல்ல ஒருத்தி இல்ல.”

முகாம் முழுவதும் அழாத என் தோழி அப்போதுதான் அழுதாள். நிமிர்ந்து நின்றபடியே அழுதாள், அம்மா அவளைத் தோளில் பிடித்து உட்கார வைத்தார்.