டிக்கெட் எடுக்காத தண்ணீர்

தண்ணீர் வண்டியின் குழாயை விமானத்தின் அடிவயிற்றில் செருகித் திருகியதும், தண்ணியக்கா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். இரைச்சலுக்குப் பயந்து காதுறை மாட்டியிருப்பதால் அவளுக்குக் கைதான் காது. தண்ணீர் ஏறும்போது குழாய் லேசாக நடுங்கும். தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை அந்த நடுக்கத்திலேயே தெரிந்துகொள்வாள். அளவுமானியை எட்டிப் பார்ப்பது, அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கத்தான்.

அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் தண்ணியக்காதான். பயணிகள் கை கழுவும் தண்ணீரைப் பதினாறு வருடமாக ஏற்றுகிறாள். ஒரு தடவைகூட விமானத்தில் போனதில்லை. கேட்டால், "நான் வேற ஏறி அதுக்குப் பாரத்தைக் கூட்டணுமா?" என்பாள்.

பாரம் என்றாலே அவளுக்கு ஆகாது. கணவர் வெளியூர் கிளம்பினால் அவர் பையைத் திறந்து பாதியை வெளியே எடுத்துப் போட்டுவிடுவாள்.

"ரெண்டு நாளுக்கு எதுக்குங்க நாலு சட்டை?"

"அடியே, நான் பஸ்ல போறேன், ப்ளேன்ல இல்ல!"

"பஸ் மட்டும் என்ன, காத்துலயா ஓடுது?"

இந்தக் கிறுக்கு சும்மா பிடிக்கவில்லை. விமானம் போக வர இரண்டுக்கும் இங்கே ஏற்றுகிற ஒரே தண்ணீர்தான். அதனால் தொட்டி வழிய வழிய இருநூறு லிட்டர் ஏற்றி அனுப்புவது வழக்கம். திரும்பி வந்ததும் மிச்சத்தை வடிப்பதும் அவள்தான். பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். ஏழு மாதம் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தவள், ஒருநாள் இன்ஜினியர் மேஜை முன்னால் போய் நின்றாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் நாக்கு எழாத பிறவி. அன்று எப்படியோ எழுந்துவிட்டது.

"சார், நூறு லிட்டர் சும்மா போய்ட்டு சும்மா வருது. நூறு கிலோ சார். ஒரு தடியன் டிக்கெட் எடுக்காம தினமும் ஊர் சுத்துற மாதிரி. அவனைச் சுமக்க எவ்ளோ எண்ணெய் எரியும், எவ்ளோ புகை!"

இன்ஜினியர் சிரித்தார். பிறகு கால்குலேட்டரை எடுத்தார். பிறகு சிரிக்கவில்லை.

ஒரு மாதம் நூற்றிருபது லிட்டரோடு பறந்து பார்க்கலாம் என்று அனுமதி வந்தது. ஒரே ஒரு நாள் வானத்தில் குழாய் வற்றினாலும், மறுநாளிலிருந்து பழையபடி வழிய வழியத்தான்.

பணிப்பெண்களின் தலைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "அக்கா, கை கழுவத் தண்ணி இல்லன்னு யாராவது கத்தினா, உங்க வீட்டு அட்ரஸைக் குடுத்துருவேன்."

"குடும்மா. வந்தா டீ போட்டுத் தரேன்."

இருபத்தாறாம் நாள். நூற்றிருபது ஏற்றி, மூடியைப் பூட்டி, வண்டியைப் பின்னால் எடுக்கும்போதுதான் பார்த்தாள். படிக்கட்டு முழுக்க விளையாட்டுச் சட்டை போட்ட பிள்ளைகள், நாற்பதுக்குக் குறையாது. மைதானத்திலிருந்து நேராக வந்திருப்பார்கள் போல, ஒவ்வொரு முழங்காலிலும் சேறு. அதற்குள் அடுத்த விமானத்துக்கு வரச் சொல்லி வாக்கிடாக்கி அலறியது. அதை முடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடலாம் என்று அரக்கப்பரக்க ஓடிவந்தபோது கதவு சாத்தியாயிற்று.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடினாள். "வானத்துல என்னக்கா தேடுறீங்க?" என்று பெட்டி ஏற்றுகிறவர்கள் கேலி செய்தார்கள்.

கிளம்பி ஐந்து மணி நேரம் கழித்து விமானம் திரும்பி வந்து நின்றது. தலைவி கொண்டை கலைந்து இறங்கி வந்தாள்.

"என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டீங்களா? அத்தனை வாண்டும் வரிசையில நின்னு முழங்கால் வரைக்கும் கழுவிச்சு!"

"நீ எதுவும் சொல்லாத. அதுவே சொல்லட்டும்."

அளவுமானி பக்கம் கண்ணைக் கொண்டுபோகாமலே வாளியை வைத்து, வடிகுழாயின் பிடியை இழுத்தாள். குழாய் இருமியது. வெறும் காற்று. இன்னொரு இருமல். அப்புறம் கொஞ்சம் தயங்கி, தண்ணீர் விழுந்தது. அரை வாளி.

"மயிரிழைதான்! இப்பதான் உங்க மூஞ்சியில உசுரு வருது" என்று தலைவி சிரித்தாள்.

தண்ணியக்கா சிரிக்கவில்லை. வண்டியின் முகப்பில் தாளை விரித்து, நூற்றிருபது என்ற எண்ணுக்குக் கீழே, 'பிள்ளைகள் நிறைய ஏறினால் இன்னும் முப்பது' என்று எழுதினாள். பிறகு தலைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல், "நான் விட்டதை நீ எழுதும்மா" என்று பென்சிலை அவள் பக்கம் நீட்டினாள்.