கேசட்டில் மிஞ்சிய இடம்

லஸ் முனையில் ஒரு மொபைல் கடையில் புது உறையைப் பிரித்தபோது எழுந்த பிளாஸ்டிக் வாடை, தொண்ணூறுகளில் அதே இடத்தில் இருந்த கேசட் கடைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனது. பாட்டுப் பட்டியலையும் வெற்றுக் கேசட்டையும் கொடுத்தால் மூன்று நாளில் பதிந்து தருவார் கடைக்கார பாய். கடைசியில் இடம் மிஞ்சினால் தனக்குப் பிடித்த எதையாவது போட்டு நிரப்பிவிடுவார். "காலியா வுட மனசு வர்ல பாப்பா" என்பார்.

ஒருநாள் மத்தியானம் பாயிடம் நான் பதிந்து வாங்கிவந்தது, மேடையிலேயே பதிவான ஒரு பழைய ராக் கச்சேரி. ராத்திரி ஷிப்ட் முடித்த அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை தூக்கம் கலைந்தால் டேப்ரிக்கார்டர் பரணுக்குப் போய்விடும் என்று முந்தின வாரமே எச்சரித்திருந்தார். பதிவு மங்கலாக இருந்ததால் சத்தத்தைக் கூட்டிவைத்து, கூடத்தில் டேப்ரிக்கார்டர்மேல் காதை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கச்சேரி முடிந்து, கைதட்டல் அடங்கி, நாடா கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்தது. திடீரென்று வீடே அதிரும்படி ஒருவன் கத்தத் தொடங்கினான், பின்னால் கிடார்கள் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் பாய்ந்து வந்தன. மிஞ்சிய இடத்தில் பாய் போட்டு நிரப்பியது; நான் கேட்ட முதல் 'பங்க்' ராக் பாட்டு. பட்டன்மேல் விரல் இருந்தும் அழுத்த மனசு வரவில்லை. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, மேஜையில் கண்ணாடியைத் துழாவும் சத்தம் கேட்டது, அப்பா கதவைத் திறப்பதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. மொத்தமே இரண்டு நிமிஷம்தான்.

"யாருடி கத்தினா?"

"தெருவுல யாரோப்பா."

"தெருவுல ஓஞ்சுடுத்து. இது இன்னும் சுத்திண்டிருக்கே" என்று தானே அதை நிறுத்திவிட்டு, பரணை அண்ணாந்து பார்த்தார்.