அசனத்துக்குத் தண்ணீர் தராத கிணறு

மூன்று வருடங்களுக்கு முன்பு, கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும் ஜூன் மாதத்தில், தூத்துக்குடிக்கு வெளியே மாப்பிள்ளையூரணிப் பக்கம் நடந்தது இது. லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க் மூடிக் கிடந்தது. பம்புகளைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் மண்ணுக்கடியில் இருந்த டேங்குகளை அப்படியே விட்டுவிட்டார்கள். அவை கசிகின்றனவா, கசிந்தால் எண்ணெய் எந்தப் பக்கம் போகிறது என்று கண்டறிய, நான் வேலை பார்க்கும் நிலத்தடி நீர் ஆய்வு நிறுவனம் என்னை அனுப்பியிருந்தது.

துளை போட வந்த ஆட்கள் குழாய்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு நான் தனியாள். தண்ணீர் மாதிரி எடுக்கும் நாட்களில் பவுடர், தலைக்கு எண்ணெய், பூ எதுவும் கூடாது. வண்டிக்குப் பெட்ரோல் போடவும் கூடாது. கையில் ஒட்டியிருப்பது பாட்டிலுக்குள் போனால் சோதனை கெட்டுவிடும். அதனால் பஸ்ஸில்தான் போவேன். கையுறையும் பெட்டியுமாக நான் தெருவுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். சாலையை அகலப்படுத்த வீட்டை அளக்க வந்தவள் என்று நினைத்தார்கள். ஹாஸ்டலுக்குத் திரும்பிப் படுக்கும்போது யோசித்தால், அன்று முழுக்க நான் பேசியது கண்டக்டரிடம் சொன்ன ஊர்ப் பெயர் மட்டுமாக இருக்கும்.

என்னிடம் பேசியவர் ஒருவர்தான். பங்க்குக்குப் பின்னால் இருந்த வீட்டு அக்கா. ஐம்பது வயதிருக்கும். கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பெரும்பகுதி கடலில். பிள்ளைகள் இல்லை. தெருவில் எல்லா போர்வெல்லும் உப்பு. இவர் வீட்டுக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். காலையும் மாலையும் பெண்கள் குடத்தோடு வருவார்கள். அந்த வீட்டில் ஆள் சத்தம் கேட்டது கிணற்றால்தான்.

"என்னளா, பூ இல்ல, பவுடர் இல்ல. தவக்காலம் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு!" என்றுதான் முதல் நாள் என்னை உள்ளே விட்டார்.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழலைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினேன். மேலே வந்ததும் வெயிலில் தூக்கிப் பார்த்தேன். தண்ணீரின் மேல் மெல்லிய படலம், வானவில் நிறத்தில் நெளிந்தது.

"தண்ணியில வாடை தெரியுதாக்கா?"

"லாரி நிக்கிற ரோட்டுல வாடை வராம பன்னீரா மணக்கும்?"

மறுநாள் அந்தத் தெருவின் சிற்றாலயமான அந்தோணியார் கெபியில் அசனம். ஊரே பந்தியில் உட்காரும் பொதுச் சாப்பாடு. வருடா வருடம் அந்தச் சோறு இவர் கிணற்றுத் தண்ணீரில்தான் வேகும். கழுவிய வாளிகளை முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்தார். என் பரிசோதனை முடிவு சென்னையிலிருந்து வர ஒரு வாரமாவது ஆகும். அதற்கு முன் பொதுமக்களிடம் வாய் திறக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் கண்டிப்பான விதி. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி இருக்கவும் முடியாது. குழலைக் கீழே வைத்தேன்.

"அக்கா, இந்தத் தண்ணியில சமைக்க வேண்டாம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நிச்சயமா சொல்லுதியா?"

"ரிப்போர்ட் வந்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். இப்ப சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை போயிரும்."

அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மரப்பலகையை இழுத்துக் கிணற்றை மூடினார். "நீ வாயத் தொறக்காத" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அண்டாக்களுடன் ஆட்கள் வந்தார்கள். சமையல் பொறுப்பில் இருந்த பெரியவர் பலகையில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, தொறக்காதீய. பெருச்சாளி விழுந்து செத்துக் கெடக்கு."

"ஏளா, அசனத்துக்கு மொத நாளா? ஒரு மூடி போட்டு வைக்க ஒனக்கு ஒடம்பு வணங்கலியோ?"

"அது எங்கிட்ட கேட்டுட்டா விழுந்துச்சு?"

"மாப்ள கப்பலுக்கே சமைக்காரு. இவளுக்கு ஒரு கெணத்தப் பாத்துக்கிட முடியல!" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் காது சிவந்துபோனது. பலகை மேல் ஏறி உட்கார்ந்தவர், அவர்கள் போகும் வரை இறங்கவில்லை. கையுறையோடு நான் அருகில் நின்றேன்.

லாரித் தண்ணீரில் அசனம் நடந்தது. அக்கா பந்திக்குப் போகவில்லை. யாரும் வந்து கூப்பிடவும் இல்லை.

அக்கா பலகையை எடுக்காமலே வைத்திருக்க, ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. கிணற்றில் பெட்ரோல், நான் பயந்ததைவிட மோசம். அதிகாரிகள் கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டார்கள். தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் அன்று பெருச்சாளி என்று ஏன் சொன்னாய் என்று அக்காவிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க அவர்கள் அந்த வீட்டுக்கு வர வேண்டுமே. தண்ணீர் இல்லாத வீட்டுக்கு யார் வருவார்?

நடந்ததைத் தெருவில் சொல்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். "பெருச்சாளின்னா எறச்சு விட்டாத் தீந்துரும். இது எறச்சாலும் போவாது, இல்லளா?"

"பல வருஷம் ஆகும்க்கா."

"அப்ப நீ வந்துக்கிட்டுதான் இருப்ப" என்றார்.

மாதிரி எடுக்க இன்றும் போகிறேன். ஒரு மணி நேர வேலைக்குப் பாதி நாள் அங்கேயே இருந்துவிடுகிறேன். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவதோடு என் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை, பேச ஆளில்லாத அந்த முற்றம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.