பக்கத்து மாடி வெயில்

எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். சைக்கிளில் போகும்போது லாரி இடித்து முதுகெலும்பில் அடிபட்ட என் கணவர் படுத்த படுக்கையாக இருந்தார். நான் பள்ளிக்கூட ஆசிரியை. கோடை விடுமுறை என்பதால் கூடவே இருக்க முடிந்தது.

பழைய செங்கல் தளம். பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க எங்கள் தலையில் இறக்கும். மின்வெட்டு வேறு, ஃபேன் பேருக்குத்தான் தொங்கியது. அவர் முதுகில் புண் வந்து, காய்ச்சலும் விட்டபாடில்லை. இந்தச் சூட்டில் புண் ஆறாது, சீழ் வைத்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு போகிற நிலையில் நாங்கள் இல்லை. இருக்கிற வீட்டையே எப்படியாவது குளிர்விக்க வேண்டும்.

மொட்டை மாடியில் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தோம். கொஞ்சம் பலன் தெரிந்தது, போதவில்லை. கீற்றுப் பந்தல் போட ஆள் கூப்பிட்டேன். மேற்கு வெயில் பந்தலுக்கு அடியில் சாய்வாக நுழைந்துவிடும், பக்கத்து மாடியிலும் நீட்டிப் போட்டால்தான் பிரயோஜனம் என்றார் பந்தல்காரர். பக்கத்து வீட்டு அக்கா அந்த மாடியில் வடாம் காயவைத்து விற்றுத்தான் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தார். சித்திரை வெயில்தான் அவருக்கு வருஷத்துச் சம்பாத்தியம். அதைக் கேட்க எனக்கு எப்படி வாய் வரும்? எங்கள் பக்கம் மட்டும் போடச் சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வடாம் புரட்டிக்கொண்டிருந்த அக்காவின் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது.

கணவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு மேலே போனால், அக்காவின் மாடியில் மூங்கில் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். வடாம் துணிகள் ஓரமாகச் சுருட்டிக் கிடந்தன. நான் பதறிப்போய்த் தடுத்தேன்.

"டீச்சர், சொவத்துக்கு அந்தப் பக்கம்தான நான் படுத்திருக்கேன். அவர் மொனகுறது எனக்குக் கேக்காதா?" என்றார் அக்கா.

வடாமுக்கு என்ன செய்வீர்கள் என்றேன். அது எங்கேயாவது காயும் என்று சொல்லி என்னைக் கீழே அனுப்பிவிட்டார்.

சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது. ஒரு மதியம் அவர் அசந்து தூங்குவதைப் பார்த்துவிட்டு மருந்து வாங்கக் கிளம்பினேன். திரும்பும்போது காவிரிக் கரையோரமாக நடந்தேன். ஆற்றில் வெறும் மணல். உச்சி வெயிலில், தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, காக்காய் விரட்டியபடி அக்கா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் துணிகளில் வடாம். செருப்பு மணலில் புதைய, சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அவரு தூங்குறாரா?" என்றுதான் கேட்டார். தலையாட்டினேன். "அப்ப சீக்கிரம் போங்க, முழிச்சா உங்களைத் தேடுவாரு."

வழியெல்லாம் அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

புண் ஆறியது. ஆனால் அவர் எழுந்து நடக்கவில்லை. மறு வருஷம் மழைக்காலத்தில் போய்விட்டார். நோவில்லாமல் அவர் தூங்கிய அத்தனை நாட்களும் அக்கா கொடுத்தவை. இப்போது நான் இருக்கும் வீட்டில் மாடி முழுக்க வெள்ளை ஓடு பதித்திருக்கிறது. சித்திரையிலும் உங்கள் வீடு குளுகுளுவென்று இருக்கிறதே என்று யாராவது சொன்னால், அந்த ஆற்று மணல் இன்னும் என் உள்ளங்காலில் சுடுகிறது.