தாரைச் சொம்பு

காலை நாலே முக்கால் மணி, தங்கையின் கல்யாண நாள். கொல்லைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது சின்னம்மா. மாட்டுக் கொட்டகைக்கு வெளியே உரச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டியிருக்கவில்லை. பழைய நூல் புடவை. பக்கத்தில் தனியாக ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

"தள்ளி இருக்கேன்டி. அக்காகிட்ட சொல்லிடு" என்றாள்.

எங்கள் ஊரான உறுவையாறில் இன்றும் பல வீடுகளில், மாதவிலக்கான பெண் மூன்று நாள் சாமி மாடத்தின் பக்கம் போவதில்லை. மணவறையில் கால் வைப்பதில்லை. எங்கள் வீடும் அப்படித்தான்.

சின்னம்மாதான் எங்களைப் பெற்றவள். அம்மா என்று நாங்கள் கூப்பிட்டது அவளுடைய அக்காவை. இருவருக்கும் கணவர் எங்கள் அப்பா. அம்மாவுக்குப் பல வருடம் பிள்ளை இல்லை. வேறு பெண் பார்க்கலாம் என்று அப்பாவின் வீட்டில் பேச்சு எழுந்தபோது, அம்மாவே பிறந்த வீட்டுக்குப் போய்த் தன் தங்கையைக் கேட்டிருக்கிறாள். யாரோ ஒருத்தி வருவதைவிட இவள் வரட்டும் என்று. சின்னம்மாவை யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சட்டத்தில் அந்தக் கல்யாணத்துக்கு இடமில்லை. தெருவில் இருந்தது. எங்கள் தெருவிலேயே இன்னொரு வீடும் அப்படி இருந்ததால், கல்லூரிக்குப் போகும்வரை அது விசேஷம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அப்பா கரும்பு பயிரிட்டவர். துணிக்கடையில் எதை எடுத்தாலும் இரண்டாக எடுப்பார். ஒரே நிறம், ஒரே கரை. கடைக்காரர் ஒன்றை நீலத்தில் எடுத்துப் போட்டால் உடனே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் வாசல் அறையில் படுப்பார். உள்ளே கூடத்தில் எங்கள் பாய்கள்: சுவரோரம் அம்மா, அடுத்து நான், பிறகு தங்கை, கதவோரம் சின்னம்மா. மழைக்காலத்தில் ஒழுகும் இடத்தில் குண்டான் வைத்துவிட்டு நால்வரும் ஒரே பக்கமாக ஒதுங்குவோம். அந்த நெருக்கத்தில் வரும் தூக்கம் பிறகு எந்த வீட்டிலும் எனக்கு வரவில்லை.

அக்கா தங்கைக்குள் சண்டை உண்டு. குழம்பில் புளி, மாட்டுக்குத் தவிடு, எங்களை யார் அடித்தது என்பதுதான் காரணங்கள். அப்பாவைப் பற்றிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பேச்சு நின்றுபோன நாட்களிலும் ஒருத்தி தலையை மற்றவள்தான் வாருவாள். வாய் பேசாது. சிக்கு எடுக்கும்போது மட்டும் சீப்பு கொஞ்சம் வேகமாக இறங்கும்.

நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில், வார இணைப்புக்கு ஒரு கட்டுரையைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். வடக்கே மலைக் கிராமங்களில் அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் இருந்தாலும் எல்லோரும் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதைப் படித்துக் காட்டினேன். இருவரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சு பேருமா?" என்றாள் சின்னம்மா. "ஒரு ஆளு துணி தொவைக்கவே எனக்கு இடுப்பு வுட்டுப் போவுது."

"ஒனக்குப் பாதி நான் தொவைக்கிறேன். அவளுக்கு யாரு இருக்கா?" என்றாள் அம்மா.

நம் தீமிதி அம்மனுக்கே ஐந்து பேர்தானே, இதில் என்ன அதிசயம் என்றார் அப்பா. அப்படிச் செய்தால் நிலம் பிரியாது என்ற வரியை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். அவரும் சித்தப்பாவும் பாகம் பிரித்ததில் வாய்க்கால் பக்கத்து நிலம் சித்தப்பாவுக்குப் போயிருந்தது.

என் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. என் கணவர் கிறிஸ்தவர். கையெழுத்துப் போட்டோம், மாலை மாற்றினோம். அங்கே தாரை வார்ப்பது கிடையாது. வீடு திரும்பும் வழியில், "ஒன் தங்கச்சிக்காச்சும் ஊத்திப் பாக்கணும்" என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னாள்.

ஊற்றுவது என்றால் இதுதான். பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து அப்பா பிடித்துக்கொள்ள, பெண்ணின் அம்மா சொம்பிலிருந்து நீர் வார்க்க வேண்டும். ஒரு சொம்புதான். ஒருத்திதான் ஊற்ற முடியும். தங்கை பால் குடித்த வரைக்கும் சின்னம்மாவிடம் இருந்தாள். அதற்குப் பிறகு அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

மாப்பிள்ளை வீடு பாகூர். மூலக்குளத்தில் மண்டபம் பிடிக்கலாம் என்றார்கள். அப்பா வாசலில்தான் பந்தல் என்றுவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்.

"தாரைய மட்டும் பெத்தவங்க ஊத்தட்டும். பிள்ள பெறாத கை வாணாம். நான் சொல்லல, எங்க வழக்கம் அது."

அம்மா அங்கேதான் இருந்தாள். எச்சில் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் போனபிறகு நான் அப்பாவிடம் சத்தம் போட்டேன். நீங்கள் பெண்கள் பேசி முடிவு பண்ணுங்கள் என்று அவர் மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். அவங்க கேட்டதில் தப்பில்லை, சின்னவளே ஊற்றட்டும் என்றாள் அம்மா. சின்னம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தைக் கீழே வைக்கவும் இல்லை.

கல்யாணத்தன்று காலை, கொல்லையிலிருந்து போய் நான் செய்தியைச் சொன்னதும் அம்மா வெளியே வந்தாள். கையெல்லாம் கோலமாவு. சாக்குக்கு முன்னால் நின்றாள்.

"எப்பலேர்ந்துடி?"

"ராத்திரிலேர்ந்து."

சின்னம்மாவுக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் அவளை வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே அம்மாதான். அம்மா கையிலிருந்த கோலமாவைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"காப்பி குடிச்சியா?"

"இல்ல."

அம்மா உள்ளே போய்க் காப்பி கலந்து எடுத்துவந்து, தொடாமல் தூக்கி அந்தத் தனி டம்ளரில் ஊற்றினாள். பிறகு குளித்து அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டாள். கொசுவத்தை நான்தான் பிடித்துவிட்டேன்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு விஷயம் போனது. அவரே கொல்லைக்கு வந்து, சாக்கில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பந்தலில் அப்பாவிடம், பெண்ணின் சித்தப்பாவும் சித்தியும் ஜோடியாக நின்று தாரை வார்க்கலாமே என்றார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணுக்கு நான் நிக்கிறேன். பக்கத்துல எம் பொண்டாட்டி நிப்பா."

ஐயர் கூப்பிட்டார். தங்கையின் கை மேலே, மாப்பிள்ளையின் கை கீழே, அதற்கும் கீழே அப்பாவின் கை. அம்மா சொம்பைச் சாய்த்தாள். நீர் மெலிதாக, விட்டுவிட்டு விழுந்தது. இன்னும் கொஞ்சம் தாராளமாக ஊற்றுங்கம்மா என்று ஐயர் சொல்ல, மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டாள். அப்பாவின் வேட்டி நனைந்தது. பந்தலில் சிரிப்பு எழுந்தது, தங்கையும் சிரித்துவிட்டாள்.

பந்தலின் திறந்த முன்பக்கம் வழியாக நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர் வீட்டு மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே, நூல் புடவையில் சின்னம்மா நின்றுகொண்டிருந்தாள். கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி நன்றாகவே குனிந்து பார்த்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தங்கையை ஏற்றிக்கொண்டு வேன் பாகூருக்குக் கிளம்பியது. நாலு மணிக்குள் பந்தல்காரர்கள் கீற்றைப் பிரித்துவிட்டார்கள். சாயங்காலம் சின்னம்மா குளித்து, அம்மா மடித்து வைத்திருந்த இன்னொரு அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, சாமி மாடத்தில் விளக்கேற்றினாள்.