குமரகுருவின் பாம்புகள்

செய்தி வந்தபோது பகல் பன்னிரண்டே முக்கால். உண்மையில் அது பதினோரு மணிக்கே வந்துவிட்டது. ஒரகடத்துக் கம்பெனியில் போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், பிரேம்நாத்துக்குச் சாப்பாட்டு வேளை வரை குமரகுரு உயிரோடுதான் இருந்தான்.

லாக்கரைத் திறந்தால் காயத்ரியின் அழைப்புகள் வரிசையாக நின்றன. காயத்ரி, குமரகுருவின் அக்கா மகள். பிரேம்நாத் தினமும் ஏனாத்தூரிலிருந்து பைக்கில் வந்து, காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டு வாசலில் அதை நிறுத்திவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுவான். பைக்கை யாரோ இடித்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டே கூப்பிட்டான்.

“பிரேம் மாமா, எங்க மாமா போயிட்டாரு.”

“எங்க போயிட்டான்? லீவு போட்டுட்டு வீட்லதான இருக்கறேன்னான்?”

காயத்ரியின் பின்னால் பல பேர் அழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் பிரேம்நாத்துக்குப் புரிந்தது.

காலையில் கொல்லைப்புறத்தில் வேலை செய்துகொண்டிருந்தவன், நெஞ்சை என்னவோ செய்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். அக்கா தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தாறு.

கார் இருக்கைகள் செய்யும் அந்த வெளிநாட்டுக் கம்பெனியில் இருவரும் மெஷின் பராமரிப்பு. ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், ஒரே பஸ், ஒரே இருக்கை. ஜன்னலோரம் எப்போதும் குமரகுருவுக்கு. வாலாஜாபாத் தாண்டுவதற்குள் தூங்கி பிரேம்நாத்தின் தோளில் சாய்ந்துவிடுவான். எழுப்பினால், “தூங்கல, யோசிச்சிக்கினு இருந்தேன்” என்பான்.

குமரகுருவுடையது நெசவுக் குடும்பம்தான். ஆனால் தறி அக்கா துர்காதேவியிடம் போயிற்று, பாலிடெக்னிக் தம்பியிடம் வந்தது. அக்காவின் கணவர் சீக்கிரமே இறந்துவிட்டார். தம்பி கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்காவோடும் அக்கா மகளோடும் இருந்துவிட்டான். அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். “பொண்ணு கெடைக்கலபா, அவ்ளோதான்” என்பான்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அக்காவின் வலது முழங்கால். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை நூலுக்கும் மிதியை அழுத்தினால்தான் பெட்டி நூல்களைத் தூக்கும், சேலையில் பூ விழும். நாள் முழுக்க மிதி. மூட்டு தேய்ந்துவிட்டது, மிதிப்பதை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர்.

“மிதிக்காத தறி எங்கனா ஓடுதான்னு கேட்டுச் சொல்லுங்க டாக்டர், அங்கயே போயி உக்காந்துக்கறேன்” என்றாள் துர்காதேவி.

டாக்டர் சிரித்தார். கூடப் போயிருந்த தம்பி சிரிக்கவில்லை.

அவர்கள் கம்பெனியில் இருக்கைகளை இறுக்கிப் பிடிப்பதற்குக் காற்றுச் சிலிண்டர்கள் உண்டு. முழங்கை நீளத்தில் அலுமினியக் குழாய். காற்று புகுந்தால் உள்ளிருந்து ஒரு தண்டு வெளியே நீளும், காற்றை விட்டால் உள்ளே போகும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் குறித்த தேதி வந்தால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும் என்பது தலைமையகத்தின் சட்டம். எந்த நாட்டிலிருக்கும் கிளைக்கும் அதே சட்டம். கழற்றியது பழைய இரும்போடு போகும். குமரகுரு அனுமதி கேட்டு, கையெழுத்து வாங்கி, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். வாயிலில் காவலர் அனுமதிச் சீட்டைப் படித்து, பையைத் திறந்து பார்த்து, “சிலிண்டர்னு எழுதியிருக்குது, கேஸ் எங்க?” என்று நிறுத்தி வைத்த கதையைப் பல நாள் பஸ்ஸில் சொல்லிச் சிரித்தார்கள்.

முதல் சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிலிண்டரை ஜக்கார்டு மிதிக்கயிற்றோடு கட்டி, காற்று அடைக்கும் சின்ன கம்ப்ரசர் ஒன்றை வைத்து, அக்காவின் காலடியில் ஒரு சுவிட்சைப் பொருத்தினான். தொட்டால் போதும். அக்கா தொட்டாள். கம்பெனியில் பழகிய கை அல்லவா, அங்கே என்ன வேகமோ அதே வேகத்தை இங்கேயும் வைத்திருந்தான். பெட்டி துள்ளி எழுந்தது. நெடுக்கே ஓடும் பாவில் ஒரு பிடி நூல் பட்டென்று அறுந்து தொங்கியது.

துர்காதேவி அறுந்த நூலைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

“ஒங்க கம்பெனி அவசரத்தயெல்லாம் கேட்டுக்கு அந்தாண்ட வுட்டுட்டு வாடா. இது பட்டு. ஏறும்போது மெதுவா ஏறணும், எறங்கும்போது அதவிட மெதுவா எறங்கணும்.”

“அங்க மெதுவா ஓடுனா மெமோ குடுப்பாங்கக்கா.”

“இங்க வேகமா ஓடுனா சோறு கெடைக்காது.”

அக்கா அறுந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பிணைத்து முடிக்கும்வரை அவன் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்த வாரம் காற்று வெளியேறும் வழியில் சின்னத் திருகு ஒன்றை வைத்து வேகத்தைக் குறைத்தான். பெட்டி இப்போது பக்குவமாக ஏறி இறங்கியது. ஆனால் இறங்கும்போதெல்லாம் காற்று ‘உஸ்ஸ்’ என்றது. பக்கத்து வீட்டு ஜெயம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெருவையே கூட்டிவிட்டாள். கம்போடு உள்ளே வந்தவர்கள் தறிக்குழியில் எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அதன் பெயர் பாம்பு.

பெயர் நிலைத்தது. முழங்கால் வலிக்கிற பெண்கள் வந்து, “எனக்கும் ஒரு பாம்பு வையேன் தம்பி” என்றார்கள். கம்பெனியில் சிலிண்டர் கழிக்கும் தேதி வந்தால் பிள்ளையார்பாளையத்தில் யாராவது ஒருத்தி வீட்டில் பாம்பு வரும். ஆயுத பூஜையன்று ஜெயம்மாள் தன் வீட்டுப் பாம்புக்குப் பொட்டு வைத்து, முன்னால் ஒரு தம்ளர் பாலும் வைத்தாள். “பாம்பு புடிக்கறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்” என்று பிரேம்நாத் கேலி செய்தான்.

கம்பெனியிலேயே கற்றதைத்தான் இங்கே செய்கிறோம் என்பதைக் குமரகுரு மறைத்ததில்லை. சோப்பு நுரை பூசிக் கசிவு பார்ப்பது, மாட்டிய தேதியை மெஷின் மேலேயே எழுதுவது, எல்லாம் அங்கே படித்தது. அதனால் தானாகவே போய் மேலாளரிடம் சொன்னான். வெளிநாட்டுக்காரர், நல்ல மனுஷர். கோயில் பார்க்க வந்த நாளில் வீட்டுக்கும் வந்தார். குழியில் இறங்கி உட்கார்ந்து சுவிட்சைத் தொட்டார், ‘உஸ்’ என்றதும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். கோயில் இட்லியில் மிளகைக் கடித்துக் கண்ணீர் விட்டார். இதைக் கம்பெனியே செய்து விற்கலாம் என்று தலைமையகத்துக்கு எழுதுகிறேன் என்று சொல்லிப் போனார். எழுதவும் செய்தார்.

பதில் வந்த நாளில் குமரகுரு பஸ்ஸில் தூங்கவில்லை.

“வேணாம்னுட்டாங்கடா. மொத்தம் எத்தினி தறி இருக்குதுன்னு கேட்டாங்களாம். சொன்னதுக்கு, அவ்ளோதானான்னு கேட்டாங்களாம்.”

“திமிரப் பாரு” என்றான் பிரேம்நாத்.

“திமிரு இல்லடா. பெரிய தராசுல வெந்தயத்த நிறுக்க முடியுமா? வேணாம்னு சொன்னது நல்லதுதான். இப்ப அது நம்முளுது.”

இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு, காற்றுக்கு மின்சாரம் அதிகம் செலவாகிறது என்று தலைமையகம் எல்லா நாட்டு ஆலைகளிலும் சிலிண்டர்களை எடுத்துவிட்டு மோட்டார் கைகளை வைக்கச் சொன்னது. ஒரகடத்திலும் வைத்தார்கள். மாட்டியதே இவர்கள் இருவரும்தான். பழைய சிலிண்டர்கள் வருவது நின்றது. அந்த அளவு அந்தக் கம்பெனிக்கென்றே செய்தது, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வெளிக்கடையில் கிடைக்காது. பிள்ளையார்பாளையத்துப் பாம்புகள் ஒவ்வொன்றாகக் காற்றை ஒழுகவிட ஆரம்பித்தன.

“நம்ம ஊரு பாம்பு எத்தினி நீளம் இருக்கணும்னு அவங்க குப்பத்தொட்டிதான் முடிவு பண்ணிச்சி. அத நான் யோசிக்கல பாத்தியா” என்றான் குமரகுரு. குரலில் வருத்தத்தை விட ஆச்சரியம்தான் இருந்தது.

சென்னையில் எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண அளவு சிலிண்டரை வைத்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று தீர்மானித்தான். புது அளவு கொஞ்சம் பருமன். அதனால் தறிச் சட்டத்தில் பொருத்தும் இரும்புத் தகடு ஒவ்வொரு தறிக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். ஞாயிறுதோறும் ஒரு வீடு. பிரேம்நாத் குழாய் வேலை, அவன் தகடு வேலை. முதலில் ஜெயம்மாள் வீடு, அப்புறம் ஏலவார்குழலி வீடு, அப்படியே தெருக்கோடி வரை.

துர்காதேவியின் பாம்புதான் எல்லாவற்றுக்கும் மூத்தது, முதலில் நின்றதும் அதுதான். “ஊருக்கு முடிச்சிட்டு வாடா, நம்ம வீடு எங்க போவுது” என்று சொல்லிவிட்டு மறுபடி காலால் மிதிக்க ஆரம்பித்தாள். முழங்கால் இட்லிப் பானை மாதிரி வீங்கியது. சேலை மறைத்ததால் தம்பிக்குத் தெரியவில்லை. டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே மிதித்தால் அப்புறம் தறிக்குழியில் இறங்கவே முடியாது என்றார். காயத்ரி அதை மாமாவிடம் போட்டு உடைத்தாள். அன்று அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் பிரேம்நாத் பைக்கை நிறுத்தியபோது குமரகுரு லுங்கியோடு வாசலில் நின்றான்.

“நான் இன்னைக்கு வரல. அக்கா தறிய முடிச்சிடறேன்.”

“ஞாயித்துக்கெழம நானும் வரேன், சேந்து முடிக்கலாம்டா.”

“நீ போ. பஸ்ஸ வுட்டுடப் போற. ஜன்னல் சீட்டு இன்னைக்கு ஒனக்குத்தான், அனுபவி.”

அதுதான் அவன் பிரேம்நாத்திடம் கடைசியாகப் பேசியது.

குமரகுரு போனபின்னும் பிரேம்நாத் ஞாயிறுகளில் வருவதை நிறுத்தவில்லை. ஏலவார்குழலி வீட்டில் குழாய் ஒன்று விட்டுப்போனதை மாற்றினான். ஜெயம்மாள் வீட்டில் திருகைச் சரிசெய்தான். பாம்புகள் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகின்றன. பெரியகாஞ்சிபுரத்திலிருந்து இரண்டு பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அவன் சரி என்று சொல்லியிருக்கிறான்.

துர்காதேவியின் தறிக்குப் புதுச் சிலிண்டர் வாங்கி வைத்தது வைத்தபடி இருக்கிறது. குழாய், சுவிட்ச் எல்லாம் தயார், தகடுதான் பாக்கி. அவள் இப்போது இடது காலால் மிதிக்கிறாள்.

“இன்னைக்கு மாட்டிடட்டுமா அக்கா?” என்று பிரேம்நாத் முதல் ஞாயிறு கேட்டான்.

“பதினாறு முடியட்டும் தம்பி.”

பதினாறு முடிந்தது. “அமாவாச போவட்டும்” என்றாள். அமாவாசையும் போனது. போன ஞாயிறு அவன் கேட்காமலே கொல்லைக்குப் போய் டிரில்லைக் கையில் எடுத்தான். அவள் காலைத் தாங்கித் தாங்கி நடந்து பின்னால் வந்து நின்றாள். பட்டறையில் இருந்த தகட்டையே பார்த்தாள். அவன் டிரில்லைத் திரும்ப வைத்தான். “காபி போடறேன், உக்காரு” என்று அவள் உள்ளே போனாள்.

அன்று காலை குமரகுரு துளை போட்டுக்கொண்டிருந்த தகடு இன்னும் பட்டறைப் பிடியில் இறுக்கியபடியேதான் இருக்கிறது. நான்கு மூலைகளில் மூன்றில் துளை போட்டாயிற்று. நான்காவது மூலையில், துளைக்கு அடையாளமாக ஆணி வைத்துத் தட்டிய புள்ளி மட்டும் இருக்கிறது.