பலகைக்கு அந்தப் பக்கத்து வாவ்

இலக்கண மேடத்துக்குப் பொறாமை என்பது தலைவலி மாதிரி. வந்துவிட்டால் அன்றைய வேலை கெட்டது. பயிற்சி மையத்தின் முன்மேசையில் உட்கார்ந்து சேர்க்கை போடுகிறவள் நான். வருகிறவர் போகிறவர் முகத்தைப் படிப்பதே எனக்குப் பாதி வேலை. மழைநாளில் மேடத்தின் குடைக்கு முன்னால் என் குடை காய்ந்துவிட்டால்கூட அவருக்குப் பொறுக்காது.

"உன்னோடதை மட்டும் ஃபேனுக்கு நேரா வெச்சுக்கிட்டியா?" என்பார்.

அப்படிப்பட்ட மனுஷிக்குப் பக்கத்து அறையில் ஒரு புது மேடத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார் எங்கள் முதலாளி.

எங்கள் மையம் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஒரே கூடத்தை நடுவில் பலகை அடித்து இரண்டு வகுப்பறையாக்கியிருக்கிறோம். பலகை மேலே கூரைவரை போகாது. இந்தப் பக்கம் யாராவது தும்மினால் அந்தப் பக்கத்தில் பாடம் நிற்கும். வேலை முடித்துவிட்டு ஆங்கிலம் பேசப் பழக வருகிற பெரியவர்கள்தான் எங்கள் மாணவர்கள்: தையல்காரர், லாரி டிரைவர், இரண்டு பிள்ளை பெற்ற இல்லத்தரசி, இப்படி.

ஆங்கில இலக்கணத்தில் இன்டர்ஜெக்‌ஷன் என்று ஒன்று உண்டு. மனதில் சட்டென்று எழுகிற உணர்ச்சி, நாம் கேட்காமலே வாய்வழியாக வெளியே குதிக்கிற சொல். எழுவாய் வேண்டாம், பயனிலை வேண்டாம், வாக்கியத்தோடு ஒட்டி உறவாட வேண்டாம். பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் போதும். இலக்கண மேடம் அதை நடத்துகிற அழகே தனி. கரும்பலகையில் அளவுகோல் வைத்துக் கோடு கிழிப்பார். அலாஸ் என்றால் துக்கம், ஹுர்ரே என்றால் சந்தோஷம் என்று எழுதுவார். "எங்க, எல்லாரும் சேர்ந்து" என்பார். "அலாஸ்! ஹி இஸ் டெட்!" என்று வகுப்பு மொத்தமும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற குரலில் சொல்லும். அந்த ஆள் மேடத்தின் வகுப்பில் வருஷக்கணக்காகச் செத்துக்கொண்டிருக்கிறார். அவருக்காக ஒருத்தரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

புது மேடம் வந்த வாரமே பலகைக்கு அந்தப் பக்கம் அமர்க்களமாகிவிட்டது. "ஊப்ஸ்!" என்று ஒரு குரல். "வாவ்!" என்று பத்துக் குரல். விழுந்து விழுந்து சிரிப்பு. இந்தப் பக்கம் மேடம் சாக்பீஸைப் பிடித்தபடி நிற்பார்; உடம்புதான் இங்கே, காது இரண்டும் அந்தப் பக்கம். கடைசியில் ஒருநாள் தன் வகுப்பு தொடங்குவதற்கு முன் நாற்காலி போட்டு ஏறி எட்டியே பார்த்துவிட்டார். நான் கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

"என்ன மேடம் நடக்குது?"

"டிரைவர் கழுத்துல ஐஸ் கட்டியை வெச்சாடி அவ. அவன் 'ஐயோ'ன்னு குதிக்கிறான். 'இப்ப வாயில வந்துச்சே, அதுக்கு இங்கிலீஷ்ல இது'ன்னு சொல்லித்தர்றா." நுனிக்காலில் இன்னும் எக்கினார். பிறகு, "இப்ப கூடையைத் திறக்கறா. பூனைக்குட்டி! இது ஸ்கூலா, சர்க்கஸா?" என்றார்.

கீழே இறங்கியபோது அவர் முகம் சிவந்திருந்தது. நன்றாகத்தான் நடத்துகிறாள் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. அதுதான் வயிற்றெரிச்சலே.

முதலாளி எந்த வகுப்பிலும் போய் உட்கார்ந்து பார்க்கிறவர் இல்லை. தன் அறையில் டீ குடித்துக்கொண்டே காதால் அளப்பார். "சத்தம் வர்ற ரூம்லதான் படிப்பு நடக்குது" என்பது அவர் சித்தாந்தம். மாணவர்கள் குறைந்துகொண்டே வரவும் ஒருநாள் இருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "அடுத்த மாசத்துல இருந்து சாயங்காலம் ஒரே வகுப்புதான். எந்த ரூம் களைகட்டுதோ அவங்களுக்கு. இன்னொருத்தங்க பேப்பர் திருத்தட்டும்."

இலக்கண மேடம் அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார். மாலையில் அவர் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது அண்ணி பிள்ளைகளை அதட்டுவாராம், "வழிவிடுங்க, அத்தை கிளாஸுக்குப் போறாங்க" என்று. அந்த ஒரு வார்த்தைதான் அந்த வீட்டில் அவருக்கு இருந்த மரியாதை. பேப்பர் திருத்த யாரும் புடவை மாற்ற வேண்டியதில்லை. அவர் வகுப்பிலிருந்து ஒவ்வொருவராகப் பலகையைத் தாண்டிப் போக, அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மிச்சம் இருந்தவர்களில் ஒருத்தர் நர்ஸ் அக்கா. அவர் கணவர் வெளிநாட்டில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். ஆங்கிலத் தேர்வில் தேறினால்தான் இவருக்கு அங்கே ஆஸ்பத்திரி வேலை கிடைக்கும், இருவரும் ஒரே வீட்டில் வாழலாம். முன்பு எழுதித் தோற்றிருந்தார். இந்த முறை எழுதியதன் முடிவு எங்கள் மையத்துக்கு, என் கம்ப்யூட்டருக்குத்தான் வரும். தினமும் படியேறி வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்.

அன்று இலக்கண மேடம் அளவுகோல் எடுக்கவில்லை. கோடு கிழிக்கவில்லை. நான் வருகைப் பதிவை வாங்க வாசலில் நின்றிருந்தேன்.

"நர்ஸம்மா, எழுந்திருங்க" என்றார். "உங்க ரிசல்ட் வந்துடுச்சு. பாஸ்!"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நர்ஸ் அக்கா எழுந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு போனை எடுத்து எண்ணைத் தட்டி, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க... நான் பாஸாயிட்டேங்க."

போனுக்குள்ளிருந்து ஒரு கத்தல் வந்தது பாருங்கள்! அது ஹுர்ரேயும் இல்லை, வாவும் இல்லை. எந்த இலக்கணத்திலும் இல்லாத ஒரு சத்தம். அங்கே கணவரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைத் தட்டுவது கேட்டது. இங்கே தையல்காரர் பெஞ்சில் அடித்தார். இல்லத்தரசி அழுதுகொண்டே கைதட்டினார். வகுப்பே எழுந்து நின்று கூச்சல் போட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் பேச்சு மூச்சில்லை. முதலாளி டீக் கிளாஸோடு வெளியே வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

மேடம் பலகையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. ஜெயித்துவிட்டாராம்.

நான் பக்கத்தில் போய், "எப்ப மேடம் வந்துச்சு? என் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காணோமே" என்றேன்.

"வரலைம்மா. பாடத்துக்காகச் சொன்னேன். உணர்ச்சி தானா வரணும்ல?" என்றார் மெதுவாக, இன்னும் சிரித்தபடி. "இப்ப சொல்லிடுவேன்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் நர்ஸ் அக்கா எங்களுக்கு ஓர் அடி தள்ளித்தான் நின்றிருந்தார். போனைப் பிடித்த அவர் கை கீழே இறங்கியது. போனில் கணவர் யாரிடமோ, "நாளைக்கே வீடு பாக்கணும்டா, ரெண்டு பேருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அறையில் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

நர்ஸ் அக்கா அழவில்லை, கத்தவில்லை. போனை மேடத்திடம் நீட்டினார்.

"என்னால முடியாது. நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க மேடம்."

மேடம் வாங்கிக்கொண்டார். வேறு வழியில்லை. "ஹலோ" என்றார்.

"மேடமா? இங்கிலீஷ் மேடமா?" கணவர் மூச்சுவிடாமல் பேசினார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மேடம். பக்கத்து ரூமுக்கு எல்லாரும் மாறிட்டாங்களாமே, நீயும் போயேன்னு நான்தான் இவகிட்ட சொன்னேன். கேக்கவே இல்லை. எங்க மேடத்தை விட்டுட்டு வரமாட்டேன், அவங்க மனசு கஷ்டப்படும்னுட்டா."

மேடம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஸ்பீக்கரை நிறுத்த அவருக்குத் தெரியாது. இரண்டு அறைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மேடம்? இருக்கீங்களா? ஏதாவது சொல்லுங்க மேடம்" என்றார் அவர்.